வாசகர் கேள்வி–பதில்: பழைய படச்சுருளில் புதிய தெளிவு எங்கிருந்து வருகிறது?

கேள்வி: டிஜிட்டல் கேமராவே இல்லாத 1960-களின் படங்களை இன்று ‘4கே தரத்தில்’ வெளியிடுகிறார்கள். அன்று பதிவாகாத தெளிவு இன்று எப்படி வரும்? (மதுரை வாசகர்)

பதில்: அன்று பதிவாகாத எதுவும் இன்று வந்துவிடாது. ஆனால் அன்று பதிவானவற்றில் பெரும்பகுதியை நாம் இதுவரை பார்த்ததில்லை. திரையரங்குகளில் ஓடியது, கேமராவில் பதிவான அசல் சுருளான நெகட்டிவிலிருந்து எடுத்த பிரிண்ட். ஊர் ஊராகச் சுற்றிக் கீறல் விழுந்து, சாயம் மங்கிச் சிவந்துபோன பிரிண்ட். தொலைக்காட்சியிலும் வீடியோ கேசட்டிலும் நமக்குக் கிடைத்தது அதைவிடவும் மங்கலான நகல். நல்ல நிலையிலுள்ள 35 மி.மீ. நெகட்டிவை நேரடியாக ஸ்கேன் செய்யும்போது, பட்டுப் புடவையின் ஜரிகை இழையும் நெற்றி வியர்வையும்கூடத் துலங்குகின்றன. அவை அறுபது ஆண்டுகளாக அங்கேயே இருந்தவை.

வேலை எளிதன்று. நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 ஃபிரேம்கள் உண்டு. கிழிந்த துளைகளையும் விட்டுப்போன ஒட்டுகளையும் கையால் சரிசெய்து, சுருளைக் கழுவி, ஒவ்வொரு ஃபிரேமாக ஸ்கேன் செய்த பிறகுதான் கணினியில் கீறல் நீக்கும் பணியே தொடங்குகிறது. நம் லேபுகளில் அசல் நெகட்டிவிலிருந்தே நேரடியாக ஏராளமான பிரிண்டுகள் போடும் வழக்கம் இருந்ததால், பல வெற்றிப் படங்களின் நெகட்டிவ்கள் அந்த வெற்றியாலேயே தேய்ந்துபோயின. 1964-இல் வெளியான ‘கர்ணன்’ 2012 மார்ச்சில் டிஜிட்டல் வடிவில் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தபோது இளைஞர்களும் திரண்டு வந்து பார்த்தார்கள். அந்த வாய்ப்பு எல்லாப் படங்களுக்கும் கிடைக்கவில்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. இதை எழுதும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

விளம்பரத்தில் ‘4கே’ என்றிருப்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். டிவிடியின் ஒரு ஃபிரேமில் இருப்பவை 720 × 576, அதாவது 4,14,720 புள்ளிகள். வீட்டுத் திரைக்கான 4கே படத்தில் 3840 × 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். சரியாக இருபது மடங்கு. பழைய டிவிடியை எடுத்து 4கே ஆக்கினால், இருபதில் பத்தொன்பது புள்ளிகள் கணினியின் ஊகம். அப்படிப்பட்ட பதிப்பில் தலைமுடி இழை இழையாகத் தெரியாமல் வண்ணம் பூசியதுபோல் திரண்டு நிற்கும். முகங்கள் மெழுகுபோல் வழுவழுக்கும். நெகட்டிவிலிருந்தே எடுத்த பதிப்புகளிலும் சிலர் ஃபிலிமின் இயல்பான கிரெய்னை, அதாவது மணல்போன்ற நுண்புள்ளிகளை, அழுக்கு என்று கருதித் துடைத்துவிடுகிறார்கள். கிரெய்ன் போனால் அதோடு சேர்ந்து தோலின் நுண்மையும் போய்விடும். அதைத் தொடாமல் விட்டுவைக்கும் பதிப்புகளையே நான் மதிக்கிறேன்.

கேள்வி: சி.டி.யின் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகள் என்கிறார்கள். ஏன் இப்படியொரு விசித்திரமான எண்? (திருநெல்வேலி வாசகி)

பதில்: மாதிரி என்பது ஒலியலையை ஒரு கணத்தில் அளந்து குறித்த எண். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதைத் தவறாமல் பிடிக்க அதன் இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் எடுக்க வேண்டும். ஆகவே 40,000-ஐத் தாண்டியாக வேண்டும் என்பது தெளிவு. மிச்ச எண் வீடியோ டேப்பிலிருந்து வந்தது. அந்நாளில் டிஜிட்டல் ஒலியின் பெருந்தரவைத் தாங்கக்கூடிய ஊடகமாகக் கையருகே இருந்தது வீடியோ டேப்தான். வீடியோவின் ஒரு கோட்டில் மூன்று மாதிரிகள், ஒரு ஃபீல்டில் (வீடியோ ஃபிரேமின் பாதி) 245 கோடுகள், நொடிக்கு 60 ஃபீல்டுகள்: பெருக்கினால் 44,100. நொடிக்கு 50 ஃபீல்டுகள் கொண்ட ஐரோப்பிய முறையில் 294 கோடுகளைப் பயன்படுத்தினாலும் அதே விடைதான். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த சி.டி., 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது, இந்த எண்ணும் அதனோடு நிலைத்துவிட்டது.

கேள்வி: தொண்ணூறுகளில் ‘டி.டி.எஸ்.’ என்ற டிஜிட்டல் ஒலிமுறையின் பலகை மாட்டிய திரையரங்குகளில் ஒலி ஃபிலிமில்தான் இருந்ததா? (ஈரோடு வாசகர்)

பதில்: இல்லை. ஃபிலிம் பெட்டியோடு தனியாக சி.டி.-ராம் தட்டுகள் வரும். ஃபிலிமின் ஓரத்தில் கோடும் புள்ளியுமாக அச்சான நேரக்குறியைப் படித்து, கருவி அந்தத் தட்டுகளைப் படத்தோடு இசைவாக ஓட்டும். தட்டு தடுமாறினால் ஃபிலிமிலுள்ள பழைய ஒலித்தடத்துக்கு மாறிவிடும். 1993-இல் ‘ஜுராசிக் பார்க்’ படத்தோடு அறிமுகமான இம்முறையில், தமிழில் 1996-இல் ‘கறுப்பு ரோஜா’ வந்தது.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் அப்பா வாசித்த நாகஸ்வரம் நான்கு கேசட்டுகளில் இருக்கிறது. கணினியில் ஏற்ற விரும்புகிறேன். (மன்னார்குடி வாசகர்)

பதில்: தள்ளிப்போடாமல் இந்த மாதமே செய்யுங்கள். நல்ல கேசட் டெக் ஒன்றை இரவல் வாங்கி, நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் அதன் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். கேசட்டை உடனே ஓடவிடாமல், முதலில் ஒருமுறை கடைசிவரை சுற்றித் திரும்பச் சுற்றுங்கள். பல ஆண்டுகளாக ஒட்டிக் கிடந்த நாடா தளரும். உள்ளே நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால், வெளிக்கூடு நல்ல நிலையிலுள்ள வேறொரு கேசட்டுக்கு நாடாவை மாற்றிவிடுங்கள். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சிறு திருகாணி இருக்கும். பாடலை ஓடவிட்டுக்கொண்டே அதை மெல்லத் திருப்பினால், ஓரிடத்தில் கைத்தாளத்தின் ஓசை சட்டென்று கூர்மையாகும். அதுதான் சரியான இடம்.

24 பிட் அளவில் வேவ் கோப்பாகப் பதியுங்கள், ஒலியைச் சுருக்கிவிடும் எம்.பி.3 ஆக வேண்டாம். ‘உஸ்’ என்ற இரைச்சலை நீக்கும் ஆசை வரும். அதை ஒரு நகலில் மட்டும் செய்து பாருங்கள், ஏனெனில் நாகஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியில் மூச்சு உரசும் ஓசையும் அந்த இரைச்சலோடு போய்விடக்கூடும். வேலை முடிந்த பிறகும் கேசட்டுகளை எறிந்துவிடாமல் நிமிர்த்தி, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். நாளை இதைவிடச் சிறந்த கருவி வரும்போது அது கேட்கப்போவது இந்த நாடாவைத்தான்.