வெறும் பேச்சும் வெறும் பராமரிப்பும்

மதிப்பிற்குரிய அம்மா,

செவிலியப் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இப்போது முதியோர் இல்லத்தில் களப்பயிற்சி, அடுத்த மாதம் மனநலப் பிரிவு. என் தோழிகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார்கள். வென்டிலேட்டர் பார்க்கிறார்கள், ட்ரிப்ஸ் போடுகிறார்கள். நான் காலை முதல் மாலை வரை ஊட்டிவிடுகிறேன், உடம்பு துடைத்துவிடுகிறேன், படுக்கை விரிப்பு மாற்றுகிறேன். பயிற்சி ஏட்டில் எழுத ஒன்றுமில்லை. பயிற்றுநர் வாரம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். மனநலப் பிரிவில் வெறுமனே பேசிக்கொண்டிருப்பதுதான் வேலை என்று மூத்த மாணவிகள் சொல்கிறார்கள். தவறாக எதையாவது கேட்டு யாரையாவது தற்கொலைக்குத் தூண்டிவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. வேறு பிரிவுக்கு மாற்றிக் கேட்கலாமா?

இன்னொன்று. எப்போதும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் பாட்டி ஒருவர் இரண்டு நாட்களாக அமைதியாகிவிட்டார். கூப்பிட்டால் கண் திறக்கிறார், மறுபடியும் தூங்கிவிடுகிறார். “இப்போதுதான் சமர்த்தாக இருக்கிறார்” என்கிறார்கள் ஊழியர்கள். எனக்கும் வேலை எளிதாகத்தான் இருக்கிறது.

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள மாணவிக்கு,

அந்தப் பாட்டியைப் பற்றி, கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதினேன். பொறுப்புச் செவிலியரிடம் உடனே சொல்லுங்கள், இன்றே மருத்துவர் பார்க்க வேண்டும் என்று. ஏன் அப்படி அவசரப்படுத்தினேன் என்பதை இங்கே விளக்குகிறேன். உங்கள் கேள்விக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது.

முதியவர் ஒருவர் ஒன்றிரண்டு நாட்களுக்குள் ஆளே மாறிப்போனால் உடலில் காரணம் தேட வேண்டும். உடல்நோயால் திடீரென வரும் மனக்குழப்பமான டெலிரியம் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். கட்டிலிலிருந்து இறங்கி ஓடப் பார்ப்பது, குழாய்களைப் பிடுங்குவது, இல்லாதவர்களோடு பேசுவது என்று அது வந்தால் எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் அதற்கு அடங்கிப்போன வடிவமும் உண்டு. அதில் நோயாளி மந்தமாகிறார், தூங்குகிறார், சாப்பாட்டை மறுக்கிறார். யாருக்கும் தொந்தரவு இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. வயதாகிவிட்டது, மனச்சோர்வு, மறதிநோய் முற்றிவிட்டது என்று ஏதோ ஒரு பெயரில் அது கடந்துபோகிறது. உள்ளே சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ இருக்கலாம். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் தொற்று வரும். மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, நீரிழப்பு, புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை அல்லது சளி மாத்திரை, இவற்றில் எதுவும் போதும். அண்மையில் விழுந்திருந்தால் தலைக்குள் இரத்தக் கசிவையும் நினைக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஷாரன் இனூயி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1990-இல் எளிய முறை ஒன்றை வெளியிட்டார்கள். மாற்றம் திடீரென வந்து ஏறி இறங்குகிறதா, கவனம் நிலைக்கிறதா, இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். மாற்றம் அப்படி வந்திருந்து, கவனமும் சிதறியிருந்து, அவற்றோடு பேச்சில் கோவையின்மையோ விழிப்பு நிலையில் மாறுதலோ சேர்ந்தால் டெலிரியம் என்று சந்தேகிக்கலாம். கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொல்வதே கவனத்தைப் பார்க்கப் பலருக்கும் போதுமானது. ஆனால் “மாற்றம் திடீரென வந்ததா” என்ற முதல் கேள்விக்கு விடை சொல்ல, அவர் முன்பு எப்படி இருந்தார் என்று தெரிந்த ஒருவர் வேண்டும். ரத்தப் பரிசோதனையில் அது வராது. உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஊட்டிவிட்டு, துடைத்துவிட்டு, அவருடைய சத்தத்தைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்ததால் தெரிந்திருந்தது. நோயறிதலின் பாதியை உங்கள் கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது உங்களைப் பற்றிப் பெருமையாகவும், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லையே என்று கோபமாகவும் இருந்தது.

ஊட்டிவிடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். விழுங்கிய பிறகு குரல் ஈரமாகக் கரகரக்கிறதா, ஒவ்வொரு வாய்க்கும் இருமல் வருகிறதா, கன்னத்துக்குள் உணவு தங்கிவிடுகிறதா என்று பார்ப்பவர், உணவு நுரையீரலுக்குள் போவதால் வரும் நிமோனியாவைத் தடுக்கிறார். துடைக்கும்போது குதிகாலையும் இடுப்பின் பின்பக்க எலும்பையும் தொட்டுப் பார்ப்பவர் படுக்கைப் புண்ணை அது புண்ணாவதற்கு முன்பே பிடித்துவிடுகிறார். அழுத்தினால் வெளுக்காத சிவப்பு என்று பாடநூல் சொல்லும். கருத்த தோலில் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. அங்கே கையால்தான் அறிய வேண்டும்: சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ இருக்கிறதா, கெட்டித்திருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா என்று. இவற்றை எழுதுங்கள். பயிற்சி ஏட்டில் அதற்கென்று கட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள்.

இந்த இடத்தில் கல்லூரிகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பல பாடத்திட்டங்கள் முதியோர் பராமரிப்பை முதல் ஆண்டிலேயே ‘அடிப்படைப் பராமரிப்பு’ என்று முடித்துவிடுகின்றன. மருந்தியலும் நோயியலும் தெரியாத மாணவிக்கு அங்கே விரிப்பு மாற்றுவது மட்டும்தான் கண்ணில் படும். இது திறமை தேவைப்படாத வேலை என்ற எண்ணம் அன்றே வேரூன்றிவிடுகிறது. ஒருவருக்கே ஐந்தாறு நோய்கள், பத்து மருந்துகள், அவை ஒன்றோடொன்று மோதும் விதங்கள் என்று இருக்கும் இடம் அது. முதலாண்டில் பழகட்டும், ஆனால் இறுதியாண்டில் மீண்டும் அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் 1980-களில் செவிலியர் கல்லூரிகளையும் முதியோர் இல்லங்களையும் இணைத்து, ஆசிரியர்களே அங்கு நோயாளிகளைப் பார்த்தபடி கற்பிக்கும் திட்டம் ஒன்றை நடத்திப் பார்த்தார்கள். ஆகவே இது நடக்காத காரியமல்ல.

மனநலப் பிரிவில் ‘வெறும் பேச்சு’ என்பதற்கு வருகிறேன். செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சைக் கருவி என்று 1952-இல் புத்தகமாக எழுதியவர் அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ். கையெழுத்துப் பிரதி சில ஆண்டுகளுக்கு முன்பே தயார். மருத்துவர் ஒருவர் இணையாசிரியராக இல்லாமல் ஒரு செவிலியர் தனியாக எழுதுவதா என்ற தயக்கத்தில் அது தாமதமானது என்று சொல்வார்கள். அந்தப் பேச்சுக்குப் பயிற்சி வேண்டும். காதில் குரல் கேட்கிறது என்பவரிடம் இல்லை என்று வாதிடவும் கூடாது, ஆமாம் என்று ஒத்து ஊதவும் கூடாது. “எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உங்களுக்கு அது எவ்வளவு பயமாக இருக்கிறது என்று தெரிகிறது” என்று சொல்லலாம். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பலர் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறார்கள். கேட்டபின் “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உயிர் சம்பந்தப்பட்டதைப் பொறுப்பாளரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதை அவரிடமே சொல்லிவிடுங்கள்.

உடலை அங்கே மறந்துவிடவும் கூடாது. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த இறப்புகளில் பெரும்பகுதி, இதய நோய் போன்ற தடுக்கக்கூடிய உடல் நோய்களால். நெஞ்சு வலிக்கிறது என்று அவர் சொன்னால் “இவர் எப்போதும் இப்படித்தான்” என்ற பதில் காத்திருக்கிறது. மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மருந்தைச் சாப்பிடுபவருக்கு வயிற்றுப்போக்கும் கைநடுக்கமும் தள்ளாட்டமும் சேர்ந்து வந்தால், அந்த மருந்தே உடலில் மிகுந்து நஞ்சாகியிருக்கலாம் என்பதால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். இதைப் பார்க்கப்போவதும் பெரும்பாலும் பேசிக்கொண்டிருக்கும் நீங்கள்தான்.

மாற்றிக் கேட்க வேண்டாம். வேறு மூன்றைக் கேளுங்கள். தினம் ஓர் ஆளாக மாற்றாமல் ஓரிரு நோயாளிகளையே பயிற்சி முழுவதும் உங்கள் பொறுப்பில் விடச் சொல்லுங்கள். பணிமாற்ற ஒப்படைப்பின்போது உங்களையும் உடன் நிறுத்தி, நீங்கள் கண்டதைச் சொல்ல வைக்கச் சொல்லுங்கள். நாள் முடிவில், பயிற்றுநரோ மூத்த செவிலியரோ அரை மணி நேரம் உட்கார்ந்து அன்று நடந்ததைப் பேச வேண்டும். மனநலப் பிரிவில் இந்த மூன்றாவது இல்லாமல் ஒரு நாள்கூடப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே கேட்பதை வீட்டுக்குச் சுமந்துபோய்த் தனியாகச் செரிக்க இருபது வயதில் யாராலும் முடியாது.

வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்காவிட்டால் உடன் பயிலும் மாணவிகள் சேர்ந்து கையெழுத்திட்டு முதல்வருக்கு எழுதுங்கள். வாரம் ஒரு கையெழுத்து என்பது மேற்பார்வை ஆகாது என்பதை அதில் முதல் வரியாக வையுங்கள். வரைவை எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன். பாட்டி எப்படி இருக்கிறார் என்பதையும் எழுதுங்கள்.