தோண்டி எடுக்க முடியாத இசை

கேள்வி: மறுமலர்ச்சிக் காலம் என்றால் பள்ளிப் பாடத்தில் லியனார்டோ, மைக்கேலேஞ்சலோ என்று ஓவியமும் சிற்பமும்தான் வருகின்றன. ஐரோப்பிய இசையில் அப்போது என்னதான் மாறியது?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: 1506 ஜனவரியில் ரோம் நகரத் திராட்சைத் தோட்டம் ஒன்றில் மண்ணுக்குள்ளிருந்து லாவோகூன் சிலை கிடைத்தது. ஒரு தந்தையையும் இரண்டு மகன்களையும் பாம்புகள் சுற்றி நெரிக்கும் சிலை. பார்க்க ஓடியவர்களில் மைக்கேலேஞ்சலோவும் ஒருவர். சிற்பிகளுக்கு அந்தக் கொடுப்பினை இருந்தது. பழங்காலத்தவர் செதுக்கியதைத் தொட்டுப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். இசைக்காரர்களுக்கு அது வாய்க்கவில்லை. கிரேக்கர்கள் பாடியது காற்றோடு போய்விட்டது. மிஞ்சியவை இசையைப் பற்றிய ஏடுகள். ஒரு பாட்டைக் கேட்டு வெறி தணிந்தவர்கள், இன்னொன்றைக் கேட்டு ஆயுதம் எடுத்தவர்கள் என்று அவற்றில் கதை கதையாக எழுதியிருந்தது. படித்தவர்களை ஒரு கேள்வி அரித்தது: நம் பாட்டு ஏன் யாரையும் அப்படி உலுக்குவதில்லை? இந்த ஏக்கத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

அதற்கு முந்தைய நிலவரம் வேறு. 13, 14ஆம் நூற்றாண்டுகளின் மோட்டெட் என்ற பாடல்வகையில் மூன்று குரல்கள் மூன்று வெவ்வேறு பாட்டுகளை ஒரே நேரத்தில் பாடும். கீழ்க்குரல் ஒரு தேவாலய மெட்டை நீட்டி நீட்டி இழுக்க, மேலே ஒருவர் லத்தீனில் துதி பாடுவார், இன்னொருவர் பிரெஞ்சில் காதல் பாடுவார். கேட்பவருக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. உள்ளே இருக்கும் எண்கணக்குதான் அதன் அழகு. 1436 மார்ச் 25 அன்று ஃபிளாரன்ஸ் தேவாலயத்தைப் போப் நான்காம் யூஜீன் அர்ச்சித்தபோது, கியோம் துஃபாய் என்ற இசையமைப்பாளர் எழுதிய மோட்டெட்டும் அந்த மரபில் வந்ததுதான். அதன் நான்கு பகுதிகளும் 6:4:2:3 என்ற விகிதத்தில் நிற்கின்றன. ஆனால் மேல்குரல்களில் ஒரு புது இனிமை வந்துவிட்டது. துஃபாய் இரண்டு வாசலிலும் கால் வைத்து நின்றவர்.

மாற்றம் முழுதாகத் தெரிவது, துஃபாய்க்கு அடுத்த காலத்து இசையமைப்பாளர் ஜோஸ்கான் தெ ப்ரே எழுதிய 'ஆவே மரியா' என்ற மரியாள் துதியில். பாளையங்கோட்டையில் ஒரு கோவில் கொயரில், அதாவது பாடகர் குழுவில், இருபத்திரண்டு வருடம் டெனர் என்ற உயர்ந்த ஆண்குரல் பாடியவன் நான். இந்தப் பாட்டை ஆளுக்கொரு குரலாக நான்கு பேர் பாடிப் பழகிய அந்தத் தவக்காலம் இன்னும் நினைவில் இருக்கிறது. மேல்குரல் தனியாகத் தொடங்கும். அது பாடிய அதே வரியை அதற்கு அடுத்த குரலான ஆல்டோ எடுத்துக்கொள்ளும், பிறகு டெனர், கடைசியில் அடிக்குரலான பேஸ். எல்லோருக்கும் ஒரே சொல், ஒரே மெட்டு. கீழே கிடந்து மெட்டைச் சுமக்கும் குரல் என்று ஒன்று கிடையாது. இக்காலத்தவர்கள் எல்லாக் குரல்களையும் சேர்த்தே யோசித்து எழுதுகிறார்கள் என்று பியெத்ரோ ஆரோன் என்ற இசையிலக்கணக்காரர் 1523இல் எழுதியது இதைத்தான்.

நடுவில் ஓர் இடம் உண்டு. தாளம் மூன்றாக மாறி, நால்வரும் ஒன்றாகச் சேர்ந்து பாடுவது போலக் கேட்கும். உண்மையில் டெனர் மேல்குரலின் மெட்டையே ஒரு தட்டு பின்னால் பாடிக்கொண்டு வருகிறது. அந்த ஒரு தட்டு பிடிபட எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அப்புறம் ஒரு முழு மௌனம். அதற்குப் பிறகு நால்வரும் நீண்ட சுரங்களில், ஒரே அசைவில், "ஓ மாத்தெர் தேயி, மெமெந்தோ மேயி" என்கிறார்கள். இறைவனின் தாயே, என்னை நினைத்தருளும். அதுவரை மரியாளின் பெருமைகளைச் சொல்லிவந்த பாட்டுக்குள் 'என்னை' என்று ஒரு மனிதர் வந்து நிற்கிறார். அந்த ஒரு சொல் தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதற்காகவே எல்லா வித்தையையும் ஜோஸ்கான் நிறுத்திவிடுகிறார். அந்த இடத்தில் என் குரல் ஒவ்வொரு முறையும் கம்மும்.

கேள்வி: 'புது இனிமை' என்று எழுதுகிறார்களே, அது என்ன? கணக்கு எதுவும் உண்டா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உண்டு. தம்புராவைச் சரியாகச் சுருதி சேர்த்து மீட்டினால் யாரும் மீட்டாத ஓர் அந்தர காந்தாரம் (ஸரிகமவின் 'க') தானாகக் கேட்குமே, அதுதான். ஷட்ஜத்துக்கும் ('ஸ') அதற்கும் உள்ள அதிர்வெண் விகிதம் 5:4. இடைக்கால ஐரோப்பியர்கள் பித்தாகரஸ் சொன்னபடி பஞ்சமத்தின்மேல் ('ப') பஞ்சமமாக அடுக்கிக் காந்தாரத்தைக் கண்டுபிடித்தார்கள். அப்படி வருவது 81:64. 5:4 என்பதை 80:64 என்று எழுதிப் பாருங்கள், ஓர் எண்தான் வித்தியாசம். காதுக்கு அது கொஞ்சம் கூர்மையாக உறுத்தும். அதனால் காந்தாரத்தை முழு இணக்கமான சுரமாக ஏற்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

பாடகர்களின் காது ஏட்டுக்கு முன்னால் போய்விட்டது. இங்கிலாந்திலிருந்து டன்ஸ்டபிள் போன்ற இசையமைப்பாளர்கள் காந்தாரம் நிறைந்த இசையைக் கொண்டுவந்தார்கள். துஃபாய் அதைப் பிடித்துக்கொண்டார். 1482இல் பொலோன்யாவில் ராமோஸ் என்ற ஸ்பானியர் 5:4 என்று எழுதியதற்குப் பெரிய சண்டையே நடந்தது. 1558இல் வெனிஸில் ஜர்லீனோ என்ற இசையிலக்கணக்காரர் அதையே இசையிலக்கணத்தின் அடிப்படையாக்கினார். பித்தாகரஸ் சொல்லிவிட்டார் என்பதற்காக உறுத்தலைச் சகிக்க வேண்டாம், உன் காதை நம்பு என்று சொல்லும் துணிவு எனக்கு மறுமலர்ச்சியின் மிக அழகான பகுதி. இத்தனைக்கும் ஜோஸ்கானின் அந்தப் பாட்டு காந்தாரம் இல்லாமல், வெறும் ஷட்ஜமும் பஞ்சமமுமாகத்தான் முடிகிறது. முடிவுச் சுரத்தில் மட்டும் பழைய மரியாதை மிச்சம் இருந்தது.

கேள்வி: அச்சு வந்ததால் இசைக்கு என்ன லாபம்?
– ஒரு மாணவர், திருச்சி

பதில்: 1501இல் வெனிஸில் ஒத்தாவியானோ பெத்ரூச்சி முதன்முதலாகப் பலகுரல் இசையை, அதாவது பல குரல்கள் தனித்தனி வரிகளைச் சேர்ந்து பாடும் இசையை, நகரும் அச்செழுத்தில் பதிப்பித்தார். ஒரே தாளை மூன்று முறை அச்சில் ஏற்றினார்: முதலில் கோடுகள், பிறகு சுரங்கள், பிறகு எழுத்துகள். மயிரிழை நகர்ந்தாலும் சுரம் மாறிவிடும். அவர் பக்கங்கள் இன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கின்றன. அடுத்த வருடம் வெளியிட்ட மோட்டெட் தொகுப்பில் முதல் பாட்டாக வைத்தது, மேலே சொன்ன 'ஆவே மரியா'வைத்தான். 1528 வாக்கில் பாரிஸில் அத்தென்யான் என்ற அச்சகக்காரர் ஒவ்வொரு அச்சிலும் சுரத்தோடு கோட்டுத் துண்டையும் சேர்த்து வார்த்து, ஒரே அழுத்தில் முடித்தார். கோடுகள் அங்கங்கே விட்டுவிட்டுத் தெரியும், ஆனால் வேலை வேகமாக முடிந்தது.

பிறகு வீட்டுக் கூடத்தில் நண்பர்கள் ஆளுக்கொரு சிறு புத்தகத்தோடு உட்கார்ந்து மேட்ரிகல் என்ற, கவிதைக்குப் பலகுரலில் மெட்டமைத்த பாட்டுகளைப் பாடத் தொடங்கினார்கள். கவனியுங்கள், அந்தப் புத்தகத்தில் அவரவர் குரல் மட்டும்தான் இருக்கும். மற்றவர் என்ன பாடுகிறார் என்று கேட்டுக்கொண்டேதான் பாடவேண்டும்.

கேள்வி: பலகுரல் இசையைத் திருச்சபை தடை செய்யப் போனதாகவும், பலஸ்த்ரீனா என்ற இசையமைப்பாளர் ஒரே இசைப்பூசையால் (பூசைச் செபங்களுக்கு அமைத்த இசையால்) அதைக் காப்பாற்றியதாகவும் படித்தேன். உண்மையா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: தடைக்கதைக்கு ஆதாரம் இல்லை. ஆனால் சொல் புரியவேண்டும் என்ற வற்புறுத்தல் உண்மை. 1555இல் மூன்று வாரம் மட்டுமே போப்பாக இருந்த இரண்டாம் மார்செல்லஸ், பெரிய வெள்ளியன்று தன் பாடகர்களைக் கூப்பிட்டுச் சொன்னதும் அதைத்தான். அவர் பெயரைத் தாங்கிப் பலஸ்த்ரீனா 1567இல் வெளியிட்ட பூசையில் ஆறு குரல்கள். 'கிரேதோ' பகுதியைக் கேளுங்கள். அத்தனை குரல்களுக்கு நடுவிலும் விசுவாசப் பிரமாணத்தின் சொற்கள் தெளிவாக வந்து விழும்.

கேள்வி: பாட்டாலேயே நடக்கும் நாடகமான ஓப்பராவும் இதே சிந்தனையில் பிறந்ததா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஆமாம். ஃபிளாரன்ஸில் பார்தி பிரபுவின் வீட்டில் கூடியவர்களில் வின்சென்சோ கலிலேயி ஒருவர். லூட் என்ற நரம்புக் கருவி வாசிப்பவர், வானியல் அறிஞர் கலிலியோவின் அப்பா. நான்கு பேர் நான்கு நேரத்தில் ஒரே சொல்லைப் பாடினால் எந்த உணர்ச்சிதான் நிற்கும் என்று 1581இல் எழுதினார். ஒரு குரல், கீழே ஒரு வாத்தியம், பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு நடை போதும் என்றார்கள். அந்த வழியில்தான் 1600 அக்டோபரில் மரியா தெ மெதிச்சியின் திருமண விழாவில் பேரி என்ற இசையமைப்பாளரின் 'யூரிதிச்சே' என்ற ஓப்பரா அரங்கேறியது. பலகுரலைப் பற்றிய கலிலேயியின் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஜோஸ்கான் இருக்கிறாரே. ஆனாலும் அவர் கேட்டது சரியான கேள்வி.

அதே 1600இல் ஆர்ட்டூசி என்ற இசையிலக்கணக்காரர், பெயர் சொல்லாமல் இசையமைப்பாளர் மான்டெவெர்டியைக் கண்டித்துப் புத்தகம் போட்டார். 'க்ரூதா அமரில்லி' என்ற மேட்ரிகலில் முன்னறிவிப்பே இல்லாமல் ஓர் அபசுரம் உரசுகிறது, இது விதி மீறல் என்பது குற்றச்சாட்டு. அந்த இடத்தில் பாட்டின் சொற்கள் "ஆஹி லாஸ்ஸோ". காதலில் நொந்தவன் 'ஐயோ' என்கிறான். சொல்தான் எஜமானி, இசை அவளுக்குப் பணிவிடை செய்யும் என்று மான்டெவெர்டியின் தம்பி 1607இல் அண்ணன் சார்பில் பதில் எழுதினார். ஆர்ட்டூசி தன் புத்தகத்தில் அந்த வரியை எடுத்துக்காட்டியபோது, சொற்களை விட்டுவிட்டுச் சுரங்களை மட்டும் அச்சிட்டிருந்தார்.