மாடியில் மேற்கு அறை மட்டும் ஏன் கொதிக்கிறது?

கேள்வி: திருச்சியில் எங்கள் வீடு கட்டி ஆறு வருஷம் ஆகிறது. கீழே ஹாலில் ஃபேன் போட்டாலே போதும். மாடியில் கிழக்குப் படுக்கையறையும் பரவாயில்லை. மேற்கு அறைதான் ராத்திரி 11 மணிக்கும் அனலாக இருக்கிறது. 10-க்கு 12 அடி அறை, ஒன்றரை டன் ஏ.சி. இருந்தும் நள்ளிரவு தாண்டித்தான் குளிர்கிறது. பிளஸ் டூ படிக்கும் மகன் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிடுகிறான். இரண்டு டன் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மொட்டை மாடியில் வெறும் கான்கிரீட்தான். என்ன செய்யலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம் அம்மா. 120 சதுர அடிக்கு ஒன்றரை டன் தாராளம். ஏ.சி. ஒரு பக்கம் காற்றைக் குளிரவைக்க, தலைக்கு மேலே தளமும் பக்கத்தில் சுவரும் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கின்றன. இரண்டு டன் போட்டாலும் அந்தச் சூடு வருவது நிற்காது. கரண்ட் பில்தான் ஏறும்.

முதலில் காசு செலவில்லாத ஒரு வேலை. ராத்திரி 9 மணிக்கு ஏ.சி.யை அணைத்து, ஃபேன் முழுசாக நின்றதும் ஸ்டூலில் ஏறி மேல்தளத்தில் உள்ளங்கையை வையுங்கள். அப்புறம் வெளிப்பக்கச் சுவரில். பிறகு கிழக்கு அறையிலும் அதே இரண்டு இடங்களில். தளம் இரண்டு அறையிலும் சுடும். வித்தியாசம் சுவரில்தான் தெரியும். கிழக்குச் சுவர் காலையில் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்வதற்குள் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. மேற்குச் சுவர் மதியத்துக்கு மேல் ஆரம்பித்து சூரியன் மறையும்வரை வாங்குகிறது. 9 அங்குலச் செங்கல் சுவரைத் தாண்டி அந்தச் சூடு உள்ளே வரப் பல மணி நேரம் ஆகும். அதாவது, பையன் படுக்கப் போகிற நேரத்துக்குச் சரியாக வந்து சேர்கிறது.

ஆனாலும் மாடி அறைக்குப் பெரிய சூடு தளத்திலிருந்துதான். திருச்சியில் ஏப்ரல் மூன்றாவது வாரம் உச்சி வெயில் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல் இருக்கும். ஆகஸ்ட் பிற்பகுதியிலும் மறுபடி அப்படித்தான்.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். 2009-இல் கட்டும்போது கையில் பணம் தீர்ந்துவிட்டது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் தட்டோடு பதிக்கிற வேலையை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். மாடியில் மேற்கு அறை அம்மாவுக்கு. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மே மாதம் ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவன், மாடிப்படித் திருப்பத்தில் அம்மா படுத்திருப்பதைப் பார்த்தேன். ஈரத் துண்டைத் தலையணைமேல் விரித்திருந்தார். ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுக்கிறவன் நான். இன்றைக்கும் அது மனசை உறுத்துகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மாடியைக் கூட்டிக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்தோம். பாதி மாடி அடித்துக் காய்ந்திருந்தபோது மதியம் 2 மணி. சைட்டில் பயன்படுத்தும் வெப்பமானியால் பார்த்தேன். வெறும் கான்கிரீட்டில் 60 டிகிரி, வெள்ளைப் பக்கம் 44. வெறுங்காலில் நின்றவர்களுக்குக் கருவியே தேவைப்படவில்லை. அடுத்த வாரம் அம்மா தன் கட்டிலுக்கே திரும்பிவிட்டார்.

நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே ஊறவைத்து, வடிகட்டி, பசை கலந்து இரண்டு மூன்று கை அடித்தால் அந்தக் கோடைக்குத் தாங்கும். மழையில் கரைந்துவிடும் என்பதால் வருஷா வருஷம் அடிக்க வேண்டும். கண்ணில் மட்டும் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழைநீர் தொட்டிக்குப் போகிறதென்றால் முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் விலை கூடுதல், ஆனால் சில வருஷம் நிற்கும். எதை அடித்தாலும் விரிசலை அடைத்துவிட்டு அடியுங்கள். கையில் பணம் சேரும்போது தட்டோடு பதித்துவிடுங்கள், வெள்ளைத் தட்டோடாகவே.

சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றுவது சூட்டைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் விரிசல் விட்ட தளத்தில் அந்தத் தண்ணீர் கம்பிவரை இறங்கித் துருப்பிடிக்க வைக்கும். கோடையில் தண்ணீருக்கும் கஷ்டம். நான் சிபாரிசு செய்வதில்லை.

அடுத்தது ஜன்னல். சன்ஷேடு இருக்கிறதே என்பீர்கள். உச்சி வெயிலுக்குத்தான் அது குடை. 4 மணி வெயில் சாய்ந்து, அதற்குக் கீழே புகுந்து நேராக அறைக்குள் விழும். உள்ளே தடித்த திரை தொங்கவிட்டாலும் கண்ணாடியைத் தாண்டிய சூடு அறைக்குள்தானே நிற்கும்? அதனால் மறைப்பு வெளியே வேண்டும். சன்ஷேடு விளிம்பிலிருந்து மூங்கில் தட்டியைத் தொங்கவிடுங்கள். மதியம் இறக்கி, பொழுது சாய்ந்ததும் சுருட்டிவிடலாம். பகலில் அந்த ஜன்னலை மூடியே வையுங்கள். ஏ.சி. போடாத ராத்திரிகளில் இரண்டு அறை ஜன்னல்களையும் நடுக்கதவுகளையும் திறந்துவிட்டால் காற்று குறுக்கே ஓடும். சுவருக்கு வெளிர் நிறம் அடியுங்கள். இடம் இருந்தால் அந்தப் பக்கம் ஒரு புங்கை நடுங்கள். நிழல் கிடைக்க நாலைந்து வருஷம் ஆகும், பரவாயில்லை.

மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஃபில்டரைக் கழுவச் சொல்லுங்கள். வெளி யூனிட் மேற்கு வெயிலில் நின்றால், காற்று போகிற வழியை அடைக்காமல் மேலே ஒரு நிழல் போடச் சொல்லுங்கள்.

பையனுக்கு மார்ச்சில் பரீட்சை. தட்டியை இந்த வாரமே கட்டிவிடுங்கள், சுண்ணாம்பு அடிக்க ஒரு ஞாயிறு போதும். பத்து நாள் கழித்து அதே ராத்திரி 9 மணிக்கு, அதே ஸ்டூலில் ஏறி, அதே இடத்தில் கை வைத்துப் பார்த்து எனக்கு எழுதுங்கள். ஏ.சி. பற்றி அப்போது பேசுவோம்.