ஐயாவுக்குச் சலம் போகவில்லை, குழாய் போட வேண்டும் என்கிறார்கள். அது கட்டாயமா? வலிக்குமா?

கட்டாயம்தான். மறுத்துவிடாதீர்கள். உங்கள் ஐயாவும் எழுபதைத் தாண்டியவர், சலப்பைக்குக் கீழே சலம் போகும் வழியைச் சுற்றியிருக்கும் புரொஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். என்னுடைய ஐயாவுக்கு அப்படித்தான். தடிமனுக்கு மருந்துக்கடையில் வாங்கிய குளிசையை மூன்று நாள் போட்டார். சில தடிமன் குளிசைகள் புரொஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சலத்தை அடைத்துவிடும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. காலையிலிருந்து சலம் போகவில்லை என்பதை வெட்கத்தில் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. இரவு அடிவயிறு கல்லாகி, வியர்த்துக் கொட்டிய பிறகுதான் ஓட்டோ பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணம் ஓடினோம்.

குழாய் போட அதிக நேரம் செல்லவில்லை. விறைக்கச் செய்யும் ஜெல்லை உள்ளே செலுத்தி, சற்றுப் பொறுத்துப் போட்டார்கள். எரிந்தது என்றார் ஐயா. ஆனால் பையில் ஒரு லீற்றருக்கு மேல் இறங்கியதும் "அப்பாடா" என்று கண்ணை மூடிக்கொண்டார். சலப்பை சாதாரணமாகக் கொள்வது அரை லீற்றர் அளவுதான்.

உண்மையான வலி மூன்றாம் இரவுதான் வந்தது. குழாயின் நுனியில் ஒரு சிறு பலூன் உண்டு. சலப்பைக்குள் போனதும் அதில் 10 மில்லிலீற்றர் அளவு நீர் ஏற்றுவார்கள். குழாய் வழுகி வெளியே வராமல் பிடித்திருப்பது அதுதான். எடுக்கும்போது முதலில் அந்த நீரை உறிஞ்ச வேண்டும். இதை ஐயாவுக்கு யாரும் சொல்லவில்லை. தூக்கக் கலக்கத்தில் பிடித்து இழுத்துவிட்டார். சாரம் முழுக்க இரத்தம்.

தாதியரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அன்றிரவு அந்த விடுதி முழுவதற்கும் இரண்டு பேர்தான், இருக்க நேரமில்லாமல் ஓடினார்கள். பக்கத்தில் வாங்கில் இருந்த நான் கேட்டு அறிந்திருக்க வேண்டும். அந்த உறுத்தல் இன்றும் போகவில்லை.

கனடாவிலிருந்து தம்பி, "ஏன் தனியாரிடம் கொண்டுபோகவில்லை?" என்று நடுச்சாமத்தில் சத்தம் போட்டான். காசு அனுப்புகிறவனுக்குக் கேட்க உரிமை உண்டு. ஆனால் அந்தச் சாரத்தை அலசியது நான். ஒரு நாளாவது "அண்ணா, சாப்பிட்டாயா?" என்று கேட்டிருக்கலாம்.

குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி தொற்றும் வாய்ப்புக் கூடுகிறது. ஆகவே காலையில் டொக்டர் பார்க்க வரும்போது, "இன்றும் தேவையா?" என்று தயங்காமல் கேளுங்கள். பை எப்போதும் சலப்பைக்குக் கீழே தொங்கட்டும், ஆனால் நிலத்தில் முட்ட விடாதீர்கள். குழாய் மடிந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாம் முறை போட்டபோது ஒரு தாதி, காலாவதியான குழாய் ஒன்றைக் கொண்டுவந்து, நீர் ஏற்றிப் பலூன் பருப்பதை ஐயாவுக்குக் காட்டினார். ஐயா அதை வாங்கி விரலால் அமுக்கிப் பார்த்தார். "இதையா நான் இழுத்தேன், பிள்ளை?" என்றார். அதன் பிறகு பன்னிரண்டு நாள் குழாய் இருந்தது. ஒரு தடவைகூட அதில் கை வைக்கவில்லை.