பட்டமேற்படிப்புத் திட்டங்கள் மூலம் பல்கலைக்கழகங்களையும் சிறு நிறுவனங்களையும் உண்மையிலேயே இணைக்க முடியுமா?

முடியும். புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டால் மட்டும் நடக்காது. இரண்டு பக்கமும் போய்வர ஓர் ஆள் வேண்டும். உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ப்ராஜெக்டுக்கு வரும் முதுகலை மாணவர்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

சிறு நிறுவனத்தில் கொள்முதல், சம்பளம், வாடிக்கையாளர் தகராறு எல்லாமே முதலாளி தலையில்தான். அவரிடம் பேராசிரியர் வந்து "உங்கள் ஆராய்ச்சித் தேவை என்ன?" என்று கேட்டால் விழிப்பார். "எந்தத் தொல்லை மாதாமாதம் திரும்ப வருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள், நிறுத்தவே மாட்டார்.

எங்களிடம் வந்த ஒரு மாணவி முதலில் கேட்டது ரிஜெக்‌ஷன் நோட்டை. தரமில்லை என்று ஒதுக்கப்பட்ட உருப்படிகளில் பெரும்பாலானவற்றுக்கு நேரே 'இதர காரணம்' என்றுதான் எழுதியிருந்தது. அவர் மெஷின் பக்கத்திலேயே நின்று, ஆபரேட்டர்களிடம் கேட்டுக் கேட்டு அந்த 'இதர'வைப் பிரித்தார்: டூல் தேய்ந்தது, செட்டிங் தவறியது, மூலப்பொருளே குறையோடு வந்தது. அவருக்கு ஆய்வேட்டுக்கான தரவு சேர்ந்தது; எங்களுக்கு சப்ளையரிடம் பேச ஆதாரம் கிடைத்தது.

இதை ஒழுங்காகத் திட்டமாக்கியவர்கள் பிரிட்டிஷார். 1975இல் தொடங்கிய டீச்சிங் கம்பெனி ஸ்கீம், 2003இல் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் பார்ட்னர்ஷிப் ஆனது. இதில் இரண்டு பக்கமும் போய்வரும் ஆள் ஒரு பட்டதாரி; அவர் பொதுவாகப் பல்கலைக்கழக ஊழியர். வேலை பார்ப்பதோ நிறுவனத்தில், 12 முதல் 36 மாதம் வரை. செலவில் பெரும்பகுதி மானியம், சிறு நிறுவனம் போடுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பேராசிரியர் தரப்பும் வாரத்துக்குச் சுமார் அரை நாள் ஒதுக்க வேண்டும். பணத்தைவிட இந்த அரை நாள்தான் பெரிது என்பேன். கைடாக இருக்கும் பேராசிரியர் தொழிற்சாலைப் பக்கமே வராத ப்ராஜெக்ட், ஆய்வேட்டுக்கு வெறும் பைண்டிங் செலவு.

பிரான்ஸின் சிஃப்ர் திட்டத்தில், முனைவர் பட்ட மாணவரை நிறுவனமே 3 ஆண்டுக்கு வேலைக்கு எடுக்கிறது, அரசு மானியம் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் அடுத்த ஆர்டரே நிச்சயமில்லாத இடத்துக்கு 3 ஆண்டு ரொம்ப நீளம். முதலில் ஒரு முதுகலை ப்ராஜெக்ட் செய்து பார்ப்பதே மேல்.

அப்புறம் ஒன்று. ஆய்வேட்டில் எதை வெளியிடலாம், எந்த வரைபடமும் வாடிக்கையாளர் பெயரும் வரக்கூடாது என்பதை மாணவர் உள்ளே வருவதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம் அதைப் பேச ஆரம்பித்தால் முதலாளியும் கைடும் முறைத்துக்கொள்வார்கள், நடுவில் மாட்டிக்கொள்வது மாணவர்.