மொரீஷியஸ் தீவின் மாயேபூர், புளூ பே: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மாயேபூரைச் சுற்றிப் பார்க்க எத்தனை நாள் வேண்டும்?

ஒரு நாள் போதும். திங்கட்கிழமையாகப் பார்த்து வாருங்கள், சந்தை களைகட்டும். வெயில் ஏறியதும் அருங்காட்சியகத்துக்குள் போய்விடலாம். 1810 ஆகஸ்டில் இந்த விரிகுடாவில் பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலேயக் கப்பல்களும் மோதியபோது, காயம்பட்ட இரு தரப்புத் தளபதிகளுக்கும் இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அந்த வீட்டில் வைத்துத்தான் வைத்தியம் பார்த்தார்கள். சண்டையில் ஜெயித்தது பிரெஞ்சுக்காரர்கள், ஆனால் அந்த டிசம்பரிலேயே தீவு ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது.

எக்ரெத் தீவில் இறங்கி ஸ்கூபா டைவ் அடிக்கலாமா?

முடியாது. 26 ஹெக்டேர்தான், முழுவதும் காப்பகம். வழிகாட்டியோடு போய் இளஞ்சிவப்புப் புறாவையும் ராட்சத ஆமையையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். டைவ் படகு பவளப் பாறைத் திட்டுக்கு வெளியே போகும், அது தனிப் பயணம்.

காலை 9 மணிக்கு டைவ், இரவு விமானம். புளூ பேயிலிருந்து விமான நிலையம் பக்கம்தானே, போதுமா?

போதாது. மாதம் இரண்டு பேராவது இதையே கேட்கிறீர்கள், விமான நிலையம் பக்கத்தில் இருப்பதுதான் இங்கே வினையே. ஆழத்தில் உடம்புக்குள் கரைந்த நைட்ரஜன் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 2000 மீட்டர் மலை உச்சியில் இருப்பது போலக் குறையும், மிச்சமிருக்கும் நைட்ரஜன் மூட்டிலும் நரம்பிலும் குமிழியாகிவிடும். என்னோடு இறங்கிய ஒரு தம்பி, நான் சொன்னதைக் கேட்காமல் அன்றிரவே விமானம் ஏறினார். வழியெல்லாம் முழங்கை குடைந்ததாம், சூட்கேஸ் தூக்கிய வலி என்று தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், கடைசியில் காற்றழுத்தத்தைக் கூட்டி இதற்கு வைத்தியம் பார்க்கும் அழுத்த அறையில் படுக்கவைக்க வேண்டியதாயிற்று. டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே, ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 என்பது பொதுக் கணக்கு. என் கணக்கு எல்லோருக்கும் 24. டைவை முதல் நாட்களில் முடியுங்கள், ஊர் சுற்றுவதைக் கடைசி நாளுக்கு வையுங்கள்.

மகளுக்கு நீச்சல் தெரியாது, பவளம் பார்க்க ஆசைப்படுகிறாள்.

கண்ணாடி அடிப் படகில் கூட்டிப் போங்கள். புளூ பேயில் ஆழம் குறைவு, நன்றாகத் தெரியும்.

கல்மீன் பயம் உண்டா?

உண்டு. இங்கே லாஃப் என்பார்கள். முதுகில் விஷ முள் உள்ள மீன், கல்லோடு கல்லாகக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. கெட்டி அடியுள்ள காலணி போடுங்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்புறம், காலணி போட்டிருக்கிறோம் என்று பவளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள்.

எந்த மாதம் நல்லது? பிப்ரவரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

கேட்டுவிட்டு எடுத்திருக்கலாமே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அருமை. பிப்ரவரியில் தண்ணீர் இதமாக இருக்கும், ஆனால் அது புயல் காலம், எச்சரிக்கை வந்தால் படகு கிளம்பாது. அப்படித் தள்ளிப்போன டைவைக் கொண்டுபோய் விமானத்துக்கு முந்தின மணிகளில் திணிக்காதீர்கள், அந்த 24 மணி நேரம் உங்களுக்கும்தான்.