தூத்துக்குடி ஹார்பர்: கேட்டதும் சொன்னதும்

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். சரக்குக்குக் கஸ்டம்ஸ், துறைமுகக் காகிதங்களை முடித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்சி வேலையில் தலை நரைத்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. கட்டணம் எவ்வளவு ஆகும் என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில் இல்லை. அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வாரத்துக்கு வாரமும் மாறும்.

திருப்பூரிலிருந்து ஒரு ஏற்றுமதியாளர்: அண்ணாச்சி, எங்கள் பனியன் பெட்டி தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிறது. டிராக்கிங்கில் பார்த்தால் கொழும்பில் போய் நாள்கணக்கில் கிடக்கிறது. நேராக ஐரோப்பாவுக்குப் போகாதா?

பெரும்பாலும் போகாது. ஐரோப்பாவுக்கு ஓடும் பெரிய கப்பல்கள் இன்று 400 மீட்டர் நீளம். இருபதடிப் பெட்டிக் கணக்கில் 24,000 பெட்டி வரை ஏற்றக்கூடியவை. முழுச் சுமையோடு அப்படி ஒரு கப்பல் மிதக்க அதன் அடிப்பாகம் 16 மீட்டர் அளவுக்குத் தண்ணீருக்குள் இறங்கும். இதைத்தான் டிராஃப்ட் என்கிறோம். நம் ஹார்பரில் பெர்த்து என்று சொல்லும், கப்பல் அணைந்து நிற்கும் இடங்களில் ஆழமானவற்றிலேயே 14 மீட்டர் சொச்சம்தான். அடியில் கொஞ்சம் இடைவெளியும் விட்டாக வேண்டும். ஆகவே இங்கிருந்து சிறிய ஃபீடர் கப்பலில் உங்கள் பெட்டி கொழும்புக்குப் போகிறது. தூரம் சுமார் 150 கடல் மைல், ஓர் இரவு ஓட்டம். கொழும்பில் தெற்குத் துறைமுகம் கட்டியபோதே 18 மீட்டர் ஆழத்துக்குத் திட்டம் போட்டுவிட்டார்கள். அங்கே இறக்கி, பெரிய கப்பலில் மாற்றி ஏற்றுவார்கள்.

அந்த மாற்றத்தில்தான் உங்கள் நாட்கள் போகின்றன. ஃபீடர் அரை நாள் பிந்தினால் பெரிய கப்பல் காத்திருக்காது. பெட்டி அடுத்த வாரக் கப்பலுக்குத் தள்ளப்படும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபோது பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. பயணம் பத்துப் பதினைந்து நாள் நீண்டது, கொழும்பிலும் நெரிசல் ஏறியது. வாங்குபவரிடம் தேதி சொல்லும்போது தூத்துக்குடியில் கப்பல் ஏறும் தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கொழும்பில் எந்தப் பெரிய கப்பல், அதற்கு எத்தனை நாள் இடைவெளி என்று புக்கிங் போடும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் இடைவெளி சரியாக உள்ள சர்வீஸே மேல் என்பது என் கட்சி.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஆழம்தான் பிரச்சினை என்றால் தோண்டிவிட்டால் முடிந்ததே?

தோண்டித்தான் இவ்வளவு ஆழம் வந்திருக்கிறது, தம்பி. இயற்கையில் இந்தக் கரை மிகவும் சப்பை. பழைய காலத்தில் பெரிய கப்பல்கள் கரைக்கு வரவே முடியாது. பல மைல் தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், படகுகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொழும்புக்கு விட்டது இந்த நிலைமையில்தான்.

இப்போதுள்ள ஹார்பர் முழுக்கச் செயற்கை. கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு கல் சுவர்களைக் கொண்டுபோனார்கள். வடக்குச் சுவர் நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல், தெற்குச் சுவர் அதைவிடக் கொஞ்சம் குறைவு. இரண்டுக்கும் நடுவே சுமார் 1,275 மீட்டர் அகலத்தில் அமைதியான தண்ணீர். கப்பல் நுழையும் வாய் முதலில் 153 மீட்டர்தான் இருந்தது. 1974 ஜூலை 11 அன்று இது நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979-ல் பழைய சிறு துறைமுகத்தையும் இதனுடன் சேர்த்தார்கள். 2011-ல் வ.உ.சி. பெயர் வந்தது.

மேலும் தோண்டுவதில் இரண்டு சிக்கல். கடலடி பல இடங்களில் பாறைப்பாங்கு, மணலை அள்ளுவதுபோல் அள்ள முடியாது. இன்னொன்று, பக்கத்திலேயே மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா, 21 தீவுகளும் பவளப் பாறைகளுமாக இருக்கிறது. தோண்டிய சேற்றைக் கண்ட இடத்தில் கொட்ட முடியாது, கொட்டவும் கூடாது.

மதுரையிலிருந்து ஒரு ஆசிரியை: கப்பல் வந்ததும் என்னென்ன நடக்கும் என்று என் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

வந்ததும் உள்ளே நுழைய முடியாது, அம்மா. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். எந்த பெர்த், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே நடக்கும் கூட்டத்தில் முடிவாகியிருக்கும். முறை வந்ததும் துறைமுகத்தின் பைலட் சிறு படகில் போய், கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியில் ஏறுவார். கடல் ஆடும்போது அந்த ஏணி ஏறுவது லேசுப்பட்ட வேலை இல்லை. பைலட் வழி சொன்னாலும் கப்பலின் பொறுப்பு கேப்டனுடையதுதான். மாணவர்கள் வழக்கமாகத் தப்பாகச் சொல்லும் இடம் இது. டக் படகுகள் தள்ளியும் இழுத்தும் கப்பலை பெர்த்தோடு அணைக்கும், கரையில் உள்ளவர்கள் கயிறுகளைக் கட்டுவார்கள். அப்புறம் கஸ்டம்ஸ், குடியேற்றம், சுகாதாரச் சோதனை. அதன்பின்தான் கிரேன் அசையும். கட்டின நிமிடத்திலிருந்து கப்பல்காரருக்கு வாடகைக் கணக்கு ஓடுவதால் இரவு, பகல், ஞாயிறு எதுவும் பார்க்க மாட்டார்கள்.

ஈரோட்டிலிருந்து: முதல் தடவை சீனாவிலிருந்து இயந்திரம் இறக்குமதி செய்தேன். டெமரேஜ் என்று ஒரு பில், டிட்டென்ஷன் என்று இன்னொரு பில். ஒரே தாமதத்துக்கு இரண்டு முறை பணமா?

இந்தக் கேள்வி மாதாமாதம் வரும். இரண்டும் வேறு வேறு. முனையத்திலோ சி.எஃப்.எஸ். என்ற கன்டெய்னர் சரக்கு யார்டிலோ உங்கள் பெட்டி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதற்கு இடத்துக்காரர் வாங்குவது ஒன்று. பெட்டியே கப்பல் கம்பெனியின் சொத்து, அதை நீங்கள் திருப்பித் தரும்வரை அவர்கள் வாங்கும் வாடகை இன்னொன்று. யார் எதை டெமரேஜ் என்கிறார்கள் என்பதில் குழப்பம் இருக்கிறது, பில்லில் பெயரைப் பார்க்காமல் யார் அனுப்பியது என்று பாருங்கள். இரண்டுக்கும் தனித்தனி இலவச நாட்கள் உண்டு. அவை தீர்ந்தபின் கட்டணம் படிப்படியாக ஏறும். முதல் வாரம் ஒரு விலை, அடுத்த வாரம் அதைவிடக் கூடுதல்.

தப்பிக்க வழி கப்பல் வருவதற்கு முன்னால்தான் இருக்கிறது. கஸ்டம்ஸுக்குத் தரும் இறக்குமதி அறிவிப்பான பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் போட்டுவிட வேண்டும் என்பது 2021 முதல் பொது விதி. பிந்தினால் அதற்கும் தனி அபராதம். ஆனால் நம் ஆட்கள் பலர், பெட்டி வந்து இறங்கியபிறகுதான் பேங்கில் ஒரிஜினல் டாக்குமென்ட் எங்கே என்று தேடத் தொடங்குவார்கள். கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங் கையில் இல்லாமல் கப்பல் ஏஜென்ட், பெட்டியை விடச் சொல்லும் டெலிவரி ஆர்டர் தரமாட்டார். டெலிவரி ஆர்டர் இல்லாமல் கேட் திறக்காது. கஸ்டம்ஸ்காரரைத் திட்டுவதில் பிரயோஜனமில்லை, நான் பார்த்தவரை தாமதத்தில் பெரும்பங்கு காகிதம் வராததால் வருவதுதான்.

இன்னொன்று. இயந்திரத்தின் விவரத்தை இன்வாய்சில் "மெஷின் பார்ட்ஸ்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். என்ன இயந்திரம், என்ன மாடல், புதிதா பழையதா என்று தெளிவாக இருந்தால் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய தேவை குறையும். பழைய இயந்திரம் என்றால் சார்ட்டர்டு எஞ்சினியர் சான்றிதழும் முன்கூட்டியே தயார் செய்துவிடுங்கள்.

கோவில்பட்டியிலிருந்து: தீப்பெட்டி ஏற்றுமதி செய்கிறோம். சாதாரணச் சரக்குதானே, எதற்கு இத்தனை கெடுபிடி?

உங்களுக்குச் சாதாரணம், கப்பலுக்கு அபாயச் சரக்கு. சர்வதேசக் கடல்வழி விதிகளில் பாதுகாப்புத் தீக்குச்சி 4.1 வகுப்பு, எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். ஐ.நா. எண் 1944. அபாயச் சரக்கு அறிவிப்புத்தாள், பெட்டியின் நான்கு பக்கமும் வகுப்பு லேபிள், ஒப்புதல் பெற்ற பேக்கிங் எல்லாம் வேண்டும். கப்பல் கம்பெனி முன்னரே சம்மதித்தால்தான் இடம் கிடைக்கும். சில கம்பெனிகள் எடுக்கவே எடுக்காது.

எடை விஷயமும் சொல்லிவிடுகிறேன். 2016 ஜூலை 1 முதல், சரக்கு நிரப்பிய ஒவ்வொரு கன்டெய்னருக்கும் சரிபார்த்த மொத்த எடையை ஏற்றுமதியாளர் தந்தாக வேண்டும், இல்லையேல் ஏற்றமாட்டார்கள். முன்பெல்லாம் உத்தேசமாக ஒரு எண் எழுதுவார்கள். கனமான பெட்டி மேலடுக்கில் போய் அடுக்கே சரிந்தால் என்னாகும்? தீப்பெட்டி லேசான சரக்குதான் என்றாலும் இந்தக் காகிதத்திலிருந்து விலக்கு கிடையாது.

தூத்துக்குடியிலிருந்தே ஒருவர்: துணி காயப்போட முடியவில்லை. இந்த நிலக்கரியை வேறெங்காவது இறக்கக் கூடாதா?

சொல்வது நியாயம். ஆனால் அனல்மின் நிலையம் இங்கே இருப்பதே நிலக்கரி கப்பலில் வருவதால்தான். தலா 210 மெகாவாட் என ஐந்து அலகுகள். ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்திலிருந்து பாரதீப் துறைமுகம் வரை ரயில், அங்கிருந்து இங்கே கப்பல். அதற்கென்றே தனி ஜெட்டிகள், அங்கிருந்து நேராக நிலையத்துக்குக் கன்வேயர். அந்தக் கரியால் தொந்தரவு ஒப்பீட்டளவில் குறைவு. தூசு கிளப்புவது மற்ற பெர்த்துகளில் கிராப் வைத்து அள்ளி, ஹாப்பரில் கொட்டி, டிப்பர் லாரியில் ஏற்றும் தனியார் கரிதான். தண்ணீர் தெளிப்பது, தார்ப்பாய் போடுவது, சக்கரம் கழுவுவது என்று விதிகள் உண்டு. காற்று வீசும் மதியத்தில் அவை எந்த அளவுக்கு நடக்கின்றன என்பதை உங்கள் கொடியில் கிடக்கும் துணியே சொல்லும். கன்வேயரையும் மூடிய கிடங்கையும் கூட்டுவதைத் தவிர வேறு தீர்வு எனக்குத் தெரியவில்லை. லாரியில் போகும்வரை தூசு இருக்கும்.

நெல்லையிலிருந்து: ராத்திரி பைபாசில் காற்றாலை இறக்கை ஏற்றிய லாரி போகிறதே, அதைக் கப்பலில் எப்படி ஏற்றுகிறார்கள்?

பார்க்க வேண்டிய வேலை அது. 80 மீட்டரைத் தாண்டிய இறக்கைகளும் இங்கிருந்து போகின்றன. ஏற்றும்போது இரண்டு கிரேன்கள் ஒரே நேரத்தில் தூக்கும், ஒன்று முந்தினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். கனத்தைவிடக் காற்றுதான் எதிரி. இறக்கையின் பிறவிக்குணமே காற்றைப் பிடிப்பது இல்லையா, காற்றின் வேகம் வரம்பைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிடுவார்கள்.

சிவகாசியிலிருந்து: குடும்பத்தோடு ஹார்பரைச் சுற்றிப் பார்க்க முடியுமா?

பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். 2004-ல் சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதிகள் வந்ததிலிருந்து எல்லா நாட்டிலும் இப்படித்தான். முயல் தீவுப் பக்கக் கடற்கரைக்குப் போங்கள், கப்பல்கள் தெரியும்.

நாகர்கோவிலிலிருந்து: கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் வந்துவிட்டது. இனி தூத்துக்குடி அவ்வளவுதானா?

இப்படிக் கேட்பவர்கள் இரண்டு துறைமுகமும் ஒரே வேலை செய்வதாக நினைக்கிறார்கள். விழிஞ்ஞத்தில் இயற்கையாகவே 18 மீட்டருக்கு மேல் ஆழம், சர்வதேசக் கப்பல் பாதையும் பக்கத்தில். 2025 மே மாதம் முறைப்படி திறந்தார்கள். அது கொழும்புக்குப் போட்டி. பெட்டியைக் கப்பலிலிருந்து கப்பலுக்கு மாற்றுவதுதான் அதன் தொழில். தூத்துக்குடிக்கோ பின்னால் ஒரு நாடே இருக்கிறது: திருப்பூர், கரூர், சிவகாசி, மதுரை, பொள்ளாச்சித் தேங்காய்நார், உப்பு, உரம், மரத்தடி, கரி. இங்கிருந்து போகும் ஃபீடர் கொழும்புக்குப் பதில் விழிஞ்ஞம் போனால் நமக்கு என்ன நஷ்டம்? 2018-ல் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களும் இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே ஏற்றுமதி, இறக்குமதிப் பெட்டிகளை எடுத்துப் போகலாம் என்று தளர்த்திவிட்டார்கள், ஆகவே சட்டத் தடையும் இல்லை.

அதே நேரம் நம் ஆட்களும் சும்மா இல்லை. 2024 செப்டம்பரில் 14 மீட்டர் ஆழத்தோடு புதிய கன்டெய்னர் முனையம் திறந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் வெளித்துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அது முடிந்தால் பெரிய கப்பல் நேரே வரும் என்கிறார்கள். பிறகு பாதியில் நின்றுபோன சேது சமுத்திரக் கால்வாய்த் திட்டத்தை 2005-ல் மதுரையில் தொடங்கிவைத்தபோதும் ஊரே கொண்டாடியது, நானும்தான் கைதட்டினேன். ஆகவே கப்பல் பெர்த்தில் கட்டட்டும், அப்புறம் பேசுவோம்.

சாயல்குடியிலிருந்து: தோணி இன்னும் ஓடுகிறதா? மாலத்தீவுக்குக் காய்கறி அனுப்ப யோசிக்கிறேன்.

ஓடுகிறது. பழைய துறைமுகத்தில் போய்ப் பாருங்கள், மரத்தோணிகள் கட்டியிருக்கும். இப்போது எல்லாவற்றிலும் எஞ்சின் உண்டு. மாலத்தீவுக்கு வெங்காயம், காய்கறி, கட்டுமானப் பொருள் என்று போகும். கன்டெய்னர் அளவுக்குச் சரக்கு இல்லாத சிறு வியாபாரிக்கு வசதிதான். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் தோணி கட்டிக்கிடக்கும், ஆண்டு முழுக்க சப்ளை தருகிறேன் என்று மாலேக்காரரிடம் ஒப்புக்கொள்ளாதீர்கள். குளிர்சாதனம் கிடையாது என்பதால் வெங்காயம், உருளை, தேங்காய் போன்றவை தாங்கும், கீரையும் தக்காளியும் தாங்காது. முதல் லோடுக்கு முன்னால் தோணியை ஓட்டும் தண்டலிடம் நேரில் பேசுங்கள். எந்த மூட்டை அடியில், எது மேலே என்பதை அவர்தான் முடிவு செய்வார். இன்சூரன்ஸ் எடுக்கும்போது தோணி என்று பாலிசியில் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணக் கடல் பாலிசி சிலவற்றில் அது அடங்காது.